கண்ணை மூடி ஒரு கை, கண்ணாடி மாட்டி ஒரு கை: பக்கவாத வீடுகளில் கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், பாபநாசம், நன்னிலம், மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கே போய்ப் பக்கவாத நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் மகனோ மருமகளோ செல்போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டுகிறார்கள். ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரி, கண்ணை முழுசாக மறைக்கிற ஒரு கருவி, காற்றில் பழம் பறிக்கும் ஒரு பெரியவர். "இது நம்ம அப்பாவுக்கு ஆகுமா?" என்பது ஒரு வீட்டில். "மனசுல நினைச்சாலே கை வருமாமே?" என்பது அடுத்த வீட்டில். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்து, பதிலை எழுதியிருக்கிறேன். மருந்து மாத்திரை பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது உங்கள் டாக்டரின் வேலை.

கையும் காலும்தானே வரலை, கண்ணுல எதுக்கு மாட்டுறாங்க?

கையில் எலும்போ தசையோ கெடவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ, கையை இயக்கும் பகுதி அடிவாங்கியிருக்கிறது. மூளையின் இடது பாதியில் என்றால் வலது பக்கம் போகும், வலது பாதியில் என்றால் இடது பக்கம். அதனால் எந்தப் பயிற்சி கொடுத்தாலும் அது போய்ச் சேர வேண்டிய இடம் மூளைதான்.

செத்த செல்கள் திரும்ப வராது. ஆனால் பிழைத்திருக்கும் பகுதிகள் அந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். ஒரே அசைவைப் பல தடவை, கவனம் சிதறாமல், செய்ததன் பலன் உடனே தெரியும்படி செய்தால்தான் அந்தக் கல்வி நடக்கும். சலிப்பில்லாமல் பல தடவை செய்யவைக்க விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி, கம்ப்யூட்டர் காட்டும் மாய உலகம்) ஒரு வழி. கை அசையாத நேரத்திலும் அந்தப் பகுதிகளை வேலை வாங்க மனப்பயிற்சி ஒரு வழி.

மனப்பயிற்சின்னா தியானமா? எங்க மாமா தினமும் தியானம் பண்றாரே.

தியானம் வேறு. அதில் மனதுக்கு ஓய்வு, இதில் மனதுக்கு வேலை. டம்ளரை எடுப்பது, சட்டைப் பித்தான் போடுவது என்று ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்து, பாதிக்கப்பட்ட கையால் அதைச் செய்வதாக, தொடக்கம் முதல் முடிவு வரை உள்ளுக்குள் நடத்திப் பார்க்க வேண்டும். தன்னைச் சினிமா பார்ப்பதுபோல எதிரே நின்று பார்ப்பது அல்ல. தன் கண்ணால் தன் கையைப் பார்க்க வேண்டும். தசை இறுகுவது, பாத்திரத்தின் சூடு, கையில் ஏறும் கனம் எல்லாம் தெரிய வேண்டும்.

இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு ஒரு சான்று. 2007இல் அமெரிக்காவில் ஸ்டீபன் பேஜ் குழுவினர், பக்கவாதம் வந்து வருஷக்கணக்கான 32 பேரை வைத்து ஆறு வாரம் ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் கைப்பயிற்சி உண்டு. அதோடு ஒரு பாதிக்கு மனப்பயிற்சி, மறு பாதிக்கு உடம்பைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் பயிற்சி. கை தேறியது மனப்பயிற்சிக் குழுவுக்குத்தான். மாமா தியானத்தைத் தொடரட்டும், மனசுக்கு நல்லது. கைக்குத் தனியாக நேரம் ஒதுக்கட்டும்.

சும்மா நினைச்சா கை எப்படிங்க வரும்? நம்புற மாதிரி இல்லையே.

நீங்கள் நம்பாததில் நியாயம் இருக்கிறது. ஒரு அசைவை உள்ளுக்குள் நடத்திப் பார்க்கும்போது, அதை நிஜமாகச் செய்யும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளில் பலவும் விழிக்கின்றன. 1995இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பியானோ வாசித்தே பழகாதவர்களுக்கு ஐந்து விரல் பாடம் ஒன்றைக் கொடுத்தார்கள். தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஒரு கூட்டம் வாசித்தது, இன்னொரு கூட்டம் மனதில் மட்டும் வாசித்தது. விரலுக்கான மூளைப் பகுதி இரண்டு கூட்டத்துக்குமே விரிந்தது. ஆனால் மனதில் வாசித்தவர்களின் ஐந்தாம் நாள் வாசிப்பு, கையால் வாசித்தவர்களின் மூன்றாம் நாள் அளவுக்குத்தான் இருந்தது. பிறகு ஒரே ஒரு தடவை கையால் பயின்றதும் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011இல் பிரிட்டனில் 121 பக்கவாத நோயாளிகளிடம் கைப்பயிற்சியோடு சேர்க்காமல் மனப்பயிற்சியைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. அதற்குப் பின் 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 25 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துக் கொடுத்தால் கையின் இயக்கம் தேறுகிறது என்று அதில் வந்தது. எனவே வெறும் நினைப்பு போதாது. நினைத்த கையோடு நிஜத்திலும் முயல வேண்டும், அரை அங்குலம் நகர்ந்தாலும் சரி.

விஆர்ல அப்படி என்னதான் நடக்குது?

இரண்டு வகை. ஒன்று, கண்ணை முழுசாக மூடும் கருவி. தலையைத் திருப்பினால் உள்ளே தெரியும் உலகமும் திரும்பும், கையை நீட்டினால் உள்ளே ஒரு கை நீளும். இன்னொன்று, டிவி முன்னால் நின்றோ உட்கார்ந்தோ விளையாடுவது. மேலே வைத்த கேமராவோ கையில் பிடித்த ரிமோட்டோ உங்கள் கை அசைவைக் கவனித்துக்கொண்டே இருக்கும். 2006இல் வந்த வீ, 2010இல் வந்த கைனெக்ட் போன்ற வீட்டு விளையாட்டுச் சாதனங்களைத்தான் தெரபிஸ்டுகள் முதலில் பிடித்துக்கொண்டார்கள். பக்கவாத ஆய்வுகளில் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகைதான். வீடியோவில் நீங்கள் பார்க்கும் முகமூடி மாதிரியான கருவி இந்த ஆய்வுகளுக்குள் அதிகம் வந்தது பிறகுதான்.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து ப்ளூட்டோ என்று ஒரு சின்னக் கைப்பயிற்சிக் கருவியை உருவாக்கியிருக்கின்றன. மேசையில் வைத்துக் கையால் பிடித்துத் திருப்பினால் திரையில் விளையாட்டு நகரும். அது விஆர் இல்லை, ஆனால் சூட்சுமம் ஒன்றுதான்.

அப்ப சாதா பிசியோவை விட விஆர் ஒசத்தியா?

2016இல் வெளிவந்த எவரெஸ்ட் என்ற ஆய்வை எல்லா வீட்டிலும் சொல்கிறேன். 141 பேர், வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் ஒரு பாதிக்கு வீ விளையாட்டு. மறு பாதிக்குச் சீட்டாட்டம், கட்டை அடுக்குவது, பந்து போடுவது போன்ற பொழுதுபோக்கு. பத்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். முடிவில் இரண்டு கூட்டமும் தேறியிருந்தன, வித்தியாசம் இல்லை. அதாவது, பாதிக்கப்பட்ட கையால் பல்லாங்குழி ஆடினாலும் தாயக்கட்டை உருட்டினாலும் வேலை நடக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. சோழியை ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போடுவதைவிட நல்ல விரல் பயிற்சி எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை.

2017இல் காக்ரேன் 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கைக்கு இதே கதைதான்: பிசியோவுக்குப் பதிலாக விஆர் என்றால் கூடுதல் லாபம் தெரியவில்லை, பிசியோவுக்கு மேல் விஆர் என்றால் லாபம் தெரிந்தது. பயிற்சி நேரம் கூடுகிறதே, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அமெரிக்க, கனடா மையங்களில் எண்ணிப் பார்த்தபோது, ஒரு தெரபி அமர்வில் கை நிஜமான காரியத்துக்கு அசைந்தது சராசரியாக 32 தடவை. விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மூளை மாற நூற்றுக்கணக்கான தடவைகள் தேவைப்பட்டன. இந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்பினாலும் சரி.

வீட்ல மனப்பயிற்சி எப்படிச் செய்யணும்? பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி சொல்லுங்க.

மின்விசிறி இருக்கும் அறை, டிவி வேண்டாம், சாப்பிட்ட உடனே வேண்டாம். கைவைத்த நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, பாதிக்கப்பட்ட கையைத் தலையணை மேல் வையுங்கள். முதலில் நிஜ டம்ளரை எதிரே வைத்து, நல்ல கையால் இரண்டு மூன்று தடவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த உணர்வு புதிதாக இருக்கும்போதே கண்ணை மூடச் சொல்லுங்கள்.

பிறகு நீங்கள் மெதுவாகச் சொல்ல வேண்டும், அவசரமே கூடாது. "டபராவில் காபி டம்ளர் இருக்கு. ஆவி பறக்குது. உங்க வலது கை மடியில இருக்கு. தோள்பட்டை லேசா முன்னால வருது... முழங்கை நீளுது... கை டம்ளர் பக்கம் போகுது. விரல் விரியுது, கட்டைவிரல் ஒரு பக்கம், மத்த நாலும் மறுபக்கம். விளிம்புதான் சூடு குறைச்சல், அங்க பிடிக்கிறீங்க. இறுகுது. தூக்குறீங்க, கனம் தெரியுது. வாய்கிட்ட வருது, வாசனை வருது. ஒரு வாய். திரும்ப வைக்கிறீங்க. விரலை விடுங்க." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பிடிப்பதைவிட விடுவதுதான் பலருக்கும் வராது.

ஒரு சுற்று முடிந்ததும் சற்று இடைவெளி, மறுபடி ஒரு சுற்று. பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், மனம் களைத்துவிடும். முடிந்த கையோடு அதே காரியத்தை நிஜத்தில் முயலட்டும். பித்தளை வேண்டாம், காலி பிளாஸ்டிக் டம்ளர் போதும், நீங்கள் முழங்கையைத் தாங்கிக்கொள்ளலாம். குரல் பதிவு செய்து போட்டுவிட்டும் செய்யலாம். பேரப்பிள்ளை குரலென்றால் தாத்தாக்கள் தட்டுவதில்லை.

எங்க அம்மாவுக்குக் காபிப் பழக்கமே இல்லை. நடவு நடுறது, பூ கட்டுறதுதான் தெரியும். அதை நினைக்கச் சொல்லலாமா?

தாராளமாக. காபி எல்லாருக்கும் பொதுவாக இருக்குமே என்று சொன்னது. கைக்கு எந்த வேலை ஊறிப்போயிருக்கிறதோ அதை நினைப்பது சுலபம், தெளிவாகவும் வரும். இடது கையில் நாற்று முடி, வலது கை அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றுவது, விரல் நுனியில் சேற்றின் குளிர்ச்சி என்று நீங்கள் தொடங்கினால் போதும், மிச்சத்தை அம்மாவே சொல்வார். திருபுவனத்தில் தறியில் இருந்தவருக்கு நாடா தள்ளுவது, தவில்காரருக்கு வலந்தலையில் விரல் விழுவது.

ஒரே நிபந்தனை, வேலையைத் துண்டு துண்டாக்குங்கள். "பூ கட்டுறது" என்று மொத்தமாகச் சொன்னால் மனம் எங்கோ போய்விடும். "ரெண்டு மல்லிக் காம்பைச் சேர்த்துப் பிடிக்கிறது" என்பது ஒரு துண்டு. "நாரைச் சுத்துறது" அடுத்தது. முதல் வாரம் முதல் துண்டு மட்டும் போதும். பிறகு நிஜ முயற்சிக்குத் தடிமனான நூலும் காம்பு நீளமான பூவும் எடுத்துக்கொடுங்கள்.

அவர் நினைக்கிறாரா, தூங்குறாரான்னு நமக்கு எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. நல்ல கையால் டம்ளரை எடுத்துக் குடித்து வைக்க எவ்வளவு நேரமாகிறது என்று போனில் பாருங்கள். பிறகு அதே காரியத்தை அதே கையால் மனதில் செய்யச் சொல்லி, தொடங்கும்போது ஒரு தடவையும் முடிந்ததும் ஒரு தடவையும் விரலைத் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அவர் உண்மையாகவே நடத்திப் பார்க்கிறார். நிஜத்தில் ஆறு வினாடி, மனதில் ஒரே வினாடி என்றால் தாவித் தாவிப் போகிறார். மேலே சொன்ன மாதிரி துண்டாக்கி மறுபடி தொடங்குங்கள்.

பாதிக்கப்பட்ட கையை நினைக்கும்போது நேரம் அதிகமாவது சகஜம். அதற்காகத் திட்டாதீர்கள். குறட்டை வந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம்.

யூடியூப்ல ஒருத்தர் முகம் பார்க்குற கண்ணாடியை வச்சு நல்ல கையை ஆட்டுறார். அதுவும் இதுவும் ஒண்ணா?

உறவுக்காரர்கள், ஒன்றில்லை. இரண்டு கைக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, பாதிக்கப்பட்ட கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்தால், கண்ணாடியில் தெரிவது போன கை வந்த மாதிரி இருக்கும். கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்கு இதை 1990களில் கொண்டுவந்தவர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1999இல் பக்கவாதத்துக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள், அதன்பின் நல்ல பெயர் வாங்கிய முறை. நினைத்துப் பார்க்கவே வராதவர்களுக்கு நான் இதில்தான் தொடங்குகிறேன், கண்ணுக்கு முன்னால் ஏதோ தெரிகிறதே. பீரோ கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், கடையில் சட்டம் போட்ட ஓரடிக் கண்ணாடி போதும்.

ஆன்லைன்ல ஆயிரம் ரூவாய்க்குள்ள விஆர் பெட்டி வருது. வாங்கிப் போடலாமா?

வேண்டாம். போனைச் செருகிப் பார்க்கும் அந்தப் பெட்டிக்குத் தலை திரும்புவது மட்டும்தான் தெரியும், கை எங்கே என்று தெரியாது. உங்கள் அப்பா உள்ளே மலையையும் கடலையும் பார்த்துக்கொண்டு கையை மடியில் போட்டிருப்பார். கையைக் கவனிக்கும் கருவிகளுக்குப் பல ஆயிரங்கள் ஆகும். அந்தப் பணத்துக்கு ஒரு தெரபிஸ்ட் எத்தனை தடவை வருவார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாட ஏற்கெனவே இருந்தால், அடுத்த பதிலைப் படித்துவிட்டு முயலலாம்.

யாருக்கெல்லாம் விஆர் ஆகாது?

வலிப்பு வந்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அப்படியே, சில கருவிகளில் காந்தம் இருக்கிறது. நின்றுகொண்டு கண்ணை மறைக்கும் கருவி மாட்டுவது பக்கவாதக்காரர்களுக்குக் கூடவே கூடாது. கைவைத்த நாற்காலி, பக்கத்தில் ஒரு ஆள், முதல் நாள் ஐந்து நிமிடம். சித்திரை வெயிலில் கரண்ட் இல்லாத மத்தியானம் மாட்டினால் வேர்த்து ஊற்றும், அதிலேயே குமட்டல் வந்துவிடும்.

குமட்டலும் கிறுகிறுப்பும் கருவியைக் கழற்றினால் அடங்கும். அடங்காமல் வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ புதிதாகக் கை தளர்ந்தாலோ அது விஆர் இல்லை, இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும்.

அப்பாவுக்குப் பேச்சு வரலை. இன்னொரு மாமா இடது பக்கமே திரும்ப மாட்டேங்குறார். இவங்களுக்கு மனப்பயிற்சி உண்டா?

பேச்சு வராவிட்டாலும் நாம் சொல்வது புரிந்தால் செய்யலாம். "கண்ணை மூடு, நாக்கை நீட்டு" என்று இரண்டு வேலையைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். செய்தால் சரி. புரியாதவர்களுக்கு வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, நீங்கள் எதிரே செய்து காட்டிப் பார்க்கவைத்து, பிறகு கையைப் பிடித்துச் செய்யவையுங்கள். கண்ணாடி முறையும் ஆகும்.

இடது பக்கம் திரும்பாத மாமா விஷயம் கடினம். பார்வை இல்லாததால் அல்ல, அந்தப் பக்கம் இருப்பதையே மூளை கணக்கில் எடுக்கவில்லை. இலையின் இடது பாதிச் சோறு அப்படியே கிடக்கும். மனதில் வரும் கையும் அரைகுறையாகத்தான் வரும். அவருக்கு முதலில் அந்தப் பக்கம் திரும்பப் பழக்க வேண்டும். பேசுபவர் இடது பக்கம் உட்காருங்கள், தண்ணீர்ச் செம்பையும் அங்கேயே வையுங்கள்.

வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இனிமே செஞ்சு என்ன பிரயோசனம்?

மேலே சொன்ன 2007 ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு வருஷம் தாண்டியவர்கள். முதல் சில மாதங்களில் வேகம் அதிகம் என்பது உண்மை, பிறகு கதவு மூடிவிடுகிறது என்பது பொய். எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கிறது: ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே எழுப்பி நடக்கவைக்கச் சொல்கிறார்கள். 2015இல் 2,104 பேரிடம் நடந்த அவெர்ட் ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடமாடவைத்தவர்களின் நிலை மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடச் சற்று மோசமாக இருந்தது. ஆரம்ப நாட்களை டாக்டரிடம் விடுங்கள்.

கப்பியில கயிறு கட்டிக் கையைத் தூக்கவிடுறோம், புறா ரத்தமும் தடவுறோம். தொடரலாமா?

கப்பியை இன்றே அவிழ்த்துவிடுங்கள். தளர்ந்த தோளில் மூட்டு ஏற்கெனவே இறங்கியிருக்கும், மேலே இழுத்தால் வலி நிரந்தரமாகிவிடும். தோள் வலித்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. புறா ரத்தத்தால் புறாவுக்குத்தான் சேதம்.

அரசு ஆஸ்பத்திரியில கிடைக்குமா? இல்லை, நாங்களே பார்த்துக்கிட்டாப் போதுமா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, பிசியோ பிரிவில் போய்ப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்யும் ஏற்பாடு உண்டு, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். விஆர் இருக்கிறதா என்று கேட்டு அலைவதைவிட, வாரத்துக்கு எத்தனை நாள் வருவார்கள் என்று கேளுங்கள்.

குடும்பமே பார்த்துக்கொள்வது பற்றி இந்தியாவிலேயே பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள், 2017இல் முடிவு வந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவைத்ததால் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் பாசத்தில் குறையில்லை. பயிற்சியை யாராவது வந்து பார்த்து மாற்றிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எதைச் சொன்னாலும் அழுகுறார், முகத்தைத் திருப்பிக்கிறார். எப்படிச் செய்யவைக்கிறது?

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் "கை எப்படி இருக்கு" என்று மட்டும் பேசிவிட்டு வராமல் இதையும் சொல்லுங்கள். சோர்வில் இருப்பவரிடம் "மனசுல நினைங்க" என்றால் இழந்ததை நினைப்பார். அந்தச் சமயத்தில் பல்லாங்குழியே மேல்.

விளையாட்டுல நல்லா ஸ்கோர் எடுக்குறார், ஆனா சாப்பிட இடது கையைத்தான் எடுக்குறார். ஏன்?

அவர் ஸ்கோர் எடுக்கும்போது திரையைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். முழங்கை மடங்கியபடியே இருக்கும், முதுகை முன்னால் சாய்த்துக் கையைக் கொண்டுபோவார், தோள் காது வரை ஏறியிருக்கும். கேமராவுக்குக் கை எட்டியது மட்டும்தான் தெரியும், எப்படி எட்டியது என்பது தெரியாது. முதுகு நாற்காலியைவிட்டு வராமல் ஒரு துண்டைக் குறுக்கே கட்டிவிட்டு ஆடச் சொல்லுங்கள். ஸ்கோர் பாதியாகும், பயிற்சி அப்போதுதான் தொடங்கும்.

அடுத்து, திரைப் பழத்துக்குக் கனம் கிடையாது, வழுக்காது, சுடாது. அதனால் விளையாட்டு முடிந்த உடனே, டிவியை அணைத்த கையோடு, தட்டில் இட்லித் துண்டை வைத்து வலது கையில் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் காபி டம்ளருக்குச் சொன்ன மாதிரி ஒரு தடவை கண்ணை மூடி மனதில், பிறகு நிஜத்தில். சட்னி சட்டையில்தான் விழும். பழைய சட்டையாகப் போட்டுவிடுங்கள்.